லொக்கேஷன் போடு!

கேட்பது யார்? மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

2002 ஜூன் மாதம். அமெரிக்காவின் டெட்ராய்ட் விமான நிலையம். வெளிநாட்டுப் பயணம் முடிந்து திரும்பிய ஹசன் இலாஹி, குடியேற்ற வரிசையில் நின்று பாஸ்போர்ட்டை நீட்டுகிறார். பங்களாதேஷில் பிறந்து அமெரிக்கக் குடிமகன் ஆனவர். கலைஞர், கலைப் பாட ஆசிரியர். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்த அதிகாரியின் முகம் மாறுகிறது. அவரைத் தனியே ஓர் இடத்துக்கு அழைத்துப் போகிறார்கள். எஃப்.பி.ஐ. அதிகாரி வந்து எதிரே உட்கார்ந்து கேட்கிறார்: போன வருஷம் செப்டம்பர் 12 அன்று எங்கே இருந்தாய்?

ஒன்பது மாதத்துக்கு முந்தைய ஒரு நாள் யாருக்கு நினைவிருக்கும்? இலாஹிக்கு நல்ல காலம், கையில் மின்னணு டைரி இருந்தது. அதைத் திறந்து மணிவாரியாகப் படித்தார். காலை பத்து மணி வாக்கில் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கு அறைக்குப் பணம் கட்டியது, பத்தரைக்கு ஒரு மாணவியைச் சந்தித்தது, மதியத்துக்கு மேல் வகுப்பு எடுத்தது. வினையே அந்தக் கிடங்கு அறைதான். புளோரிடாவின் டாம்பா நகரில் இருந்த அந்த அறையில் வெடிமருந்தைப் பதுக்கிவைத்த ஓர் ‘அரபுக்காரர்’, இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு மறுநாள் கம்பி நீட்டிவிட்டார் என்று யாரோ போட்டுக்கொடுத்திருந்தார்கள். உண்மையில் உள்ளே கிடந்தது குளிர்காலத் துணிமணியும் தட்டுமுட்டுச் சாமான்களும்.

ஆறு மாத விசாரணை. ஒன்பது முறை பொய் கண்டறியும் சோதனை. கடைசியில் சந்தேகம் தீர்ந்தது என்றார்கள். அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால், குற்றமே சாட்டாதபோது குற்றமற்றவர் என்று எப்படி எழுதித் தருவது? அடுத்த முறை வேறொரு விமான நிலையத்தில் வேறோர் அதிகாரி பிடித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால் ஊருக்குக் கிளம்பும் முன்பெல்லாம் அந்த எஃப்.பி.ஐ. அதிகாரிக்குப் போன் போட்டுச் சொல்ல ஆரம்பித்தார். போன் மின்னஞ்சலாக வளர்ந்தது, மின்னஞ்சல் ஒரு வெப்சைட்டாக வளர்ந்தது. இப்போது இந்த ஊரில் இருக்கிறேன் என்று வரைபடத்தில் ஒரு புள்ளி. கூடவே சாப்பிட்ட தட்டு, படுத்த கட்டில், காத்திருந்த விமான நிலையம், போன கழிப்பறை என்று ஆயிரக்கணக்கில் படங்கள். அரசு அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களிலிருந்தெல்லாம் அந்தத் தளத்துக்கு ஆள் வந்துபோன தடத்தை அவரே பார்த்திருக்கிறார்.

அந்தப் படங்களில் ஒரு வேடிக்கை உண்டு. எதிலும் மனிதர்கள் கிடையாது. அவர் எந்த ஊரில் எந்தத் தட்டில் சாப்பிட்டார் என்பது தெரியும். யாரோடு சாப்பிட்டார், என்ன பேசினார் என்பது தெரியாது. உளவாளிக்குச் சரக்கை வாரிக்கொட்டித் திணறடிக்கிற வேலை அது. எதைக் காட்டுவது, எதை விடுவது, என்றைக்குக் கடையைக் கட்டுவது எல்லாம் அவர் கையில்.

இலாஹி தளம் தொடங்கியபோது அது ஒரு கலைஞனின் குசும்பு. இன்றைக்கு அதே காரியத்தை நாம் தினமும் செய்கிறோம். ‘கிளம்பிட்டியா? லொக்கேஷன் போடு’ என்கிறது வீடு. அவருக்கு இருந்த பிடி நமக்கு இருக்கிறதா?

மேயர் பட்டம் தந்த ஆப்

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2009-ல் கூகுள் ‘லாட்டிட்யூட்’ என்ற சேவையைக் கொண்டுவந்தது, நண்பர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று வரைபடத்தில் காட்டியது, 2013-ல் மூடப்பட்டது. அதே 2009-ல் டென்னிஸ் கிரௌலியும், தமிழ்ப் பெயர்க்காரரான நவீன் செல்வதுரையும் ‘ஃபோர்ஸ்கொயர்’ தொடங்கினார்கள். ஒரு காபிக் கடைக்குப் போய் ‘வந்துவிட்டேன்’ என்று தட்டினால் புள்ளி கிடைக்கும். மற்றவர்களைவிட அதிக நாள் வந்திருந்தால் அந்தக் கடைக்கு நீங்கள்தான் ‘மேயர்’. இந்தப் பட்டத்துக்காகவே ஜனம் போட்டி போட்டுக்கொண்டு சொந்த விவரத்தைக் கொட்டியது.

2010 பிப்ரவரியில் நெதர்லாந்து இளைஞர்கள் மூவர் ஒரு தளம் தொடங்கினார்கள். பெயர் ‘ப்ளீஸ் ராப் மீ’, அதாவது ‘தயவுசெய்து என் வீட்டில் திருடுங்கள்’. ட்விட்டரில் பொதுவில் கிடந்த ஃபோர்ஸ்கொயர் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டி, ‘இன்னார் இப்போது வீட்டில் இல்லை’ என்று வரிசைப்படுத்திக் காட்டியது அது. திருட்டுக்கு உதவும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. எல்லோரும் தாங்களாகவே ஊருக்குச் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள். அதைப் பார்த்துத்தான் பலருக்கும் பகீர் என்றது.

2017-ல் கூகுள் மேப்ஸ், ஸ்னாப்சாட், வாட்ஸ்அப் மூன்றும் அடுத்தடுத்து ‘நகரும் புள்ளி’யைக் கொண்டுவந்தன. ‘வந்துவிட்டேன்’ என்று தட்டும் வேலைகூட அதோடு போய்விட்டது. 2025 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராமும் அமெரிக்காவில் வரைபடத்தைத் திறந்தது.

பாலைவனத்தில் ஒளிர்ந்த கோடுகள்

ஓட்டம், சைக்கிள் என்று உடற்பயிற்சி செய்பவர்களின் செல்லப் பிள்ளை ‘ஸ்ட்ராவா’ ஆப். எந்தத் தெருவில் எவ்வளவு வேகத்தில் ஓடினோம் என்று பதிவு செய்யும். 2017 நவம்பரில் அந்த நிறுவனம், உலகம் முழுக்கத் தன் வாடிக்கையாளர்கள் ஓடிய தடங்களை ஒரே படமாக வெளியிட்டது. நூறு கோடிக்கும் மேற்பட்ட ஓட்டங்கள், கறுப்புப் பின்னணியில் ஒளிக்கோடுகளாக. யார் பெயரும் இல்லை. பெயர் இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலியக் கல்லூரி மாணவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நியூயார்க்கும் லண்டனும் பளிச்சென்று இருந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும், ஊரே இல்லாத இருட்டுக்கு நடுவில், சில இடங்கள் மட்டும் ஏன் கட்டம் கட்டமாக ஒளிர வேண்டும்? அங்கே ஸ்ட்ராவா போட்டுக்கொண்டு காலையில் ஓடுவது யார்? முகாமின் வேலியோரம் சுற்றிச்சுற்றி ஓடிய அந்நிய ராணுவ வீரர்கள்தான். எந்த உளவாளியும் இல்லாமல் முகாமின் வடிவம், உள்ளே உள்ள பாதை, ரோந்து போகும் வழி எல்லாம் படமாக வந்திருந்தது. 2018 ஆகஸ்டில், போர்க்களப் பணியில் இருப்பவர்கள் இருப்பிடம் காட்டும் வசதிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தடை போட்டது.

பாடம் படித்தார்களா என்றால், இல்லை. பிரெஞ்சு நாளிதழ் ‘லெ மோண்ட்’ 2024-ல் மறுபடி தோண்டியது. அதிபர் மக்ரோன் வெளியே சொல்லாமல் போன ஒரு வார இறுதிப் பயணம்கூட, அவருடைய மெய்க்காவலர்களின் ஓட்டப் பதிவில் அப்படியே கிடந்தது. அடுத்த ஆண்டு ஸ்வீடன் பிரதமரின் காவலர்களும் இதே மாதிரி மாட்டினார்கள். தலைவர் வாயைக் கட்டினாலும் காவலரின் வாட்ச் சொல்லிவிடுகிறது.

■ பெட்டி: எத்தனை இலக்கம் சொல்கிறீர்கள்?

இருப்பிடத்தை எண்ணில் எழுதும்போது புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் விடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். 13.1 என்று ஓர் இலக்கத்தில் நிறுத்தினால் சுமார் 11 கிலோமீட்டர் துல்லியம். சென்னைப் பக்கம் என்று மட்டும் தெரியும். 13.08 என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர், பேட்டை தெரியும். மூன்று இலக்கத்துக்கு 110 மீட்டர், தெரு தெரியும். நான்குக்கு 11 மீட்டர், வீடு தெரியும். ஐந்து இலக்கம் போனால் ஒரு மீட்டர். எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்கிற கணக்கு. வரைபட ஆப்பில் விரலை அழுத்தி எடுக்கும் எண்ணில் ஆறேழு இலக்கம் இருக்கும். ‘இப்போது மதுரையில்’ என்று உங்கள் தளத்தில் போட ஆசையா? ஓர் இலக்கத்தோடு நிறுத்துங்கள்.

நாலு புள்ளி போதும்

ஒரு புள்ளியில் ஒன்றும் இல்லை. வழக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ராத்திரி எங்கே நிற்கிறதோ அது வீடு, பகலில் எங்கே நிற்கிறதோ அது வேலை. செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு மருத்துவமனை வாசலில் நின்றால் அதுவும் ஒரு சேதி. 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் நடமாட்டத்தைப் பெயர் நீக்கிவிட்டுப் பார்த்தது. ஒருவர் எந்த நேரத்தில் எந்த டவர் பக்கம் இருந்தார் என்ற நான்கு தகவல் கிடைத்தால், 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்தெடுத்துவிடலாம் என்று கண்டது. பெயரை அழிப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

உடற்பயிற்சி ஆப்களில் ‘வீட்டைச் சுற்றி இத்தனை மீட்டரை மறை’ என்று ஒரு வசதி உண்டு. நல்லதுதான். ஆனால் வீட்டை நடுவில் வைத்து வட்டம் போட்டு மறைத்தால் என்ன ஆகும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். இன்று கிழக்கே ஓடுகிறீர்கள். கோடு ஓர் இடத்தில் தொடங்குகிறது. நாளை வடக்கே, மறுநாள் மேற்கே. மூன்று தொடக்கப் புள்ளிகள். மூன்றும் ஒரே வட்டத்தின் மேல் இருப்பவை. மூன்று புள்ளி தெரிந்தால் வட்டத்தின் மையத்தைக் கண்டுபிடிக்கலாம். மையத்தில் இருப்பது உங்கள் வீடு!

2023 ஜூலை. ரஷ்யாவின் கிராஸ்னதார் நகரப் பூங்காவில் காலை ஓட்டத்துக்குப் போன ஸ்தனிஸ்லாவ் ர்ஷீத்ஸ்கி என்ற நீர்மூழ்கிக் கப்பல் முன்னாள் தளபதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய ஓட்டப் பாதைகள் ஸ்ட்ராவாவில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தன என்றும், கொலையாளி அதைப் பின்பற்றியிருக்கலாம் என்றும் ரஷ்ய ஊடகங்களே எழுதின. நமக்கு யார் துப்பாக்கி தூக்கப்போகிறார்கள் என்று சிரிக்கலாம். ஆனால் தினமும் ஒரே நேரத்தில் ஒரே பூங்காவுக்குப் போகும் பெண்ணைப் பின்தொடர்பவனுக்கும் இதே வரைபடம்தான் போதும்.

வீட்டுக்குப் பூட்டு, ஸ்டேட்டஸில் திறப்பு

வெளியூர் போகிறவர்கள் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று தமிழ்நாடு போலீஸ் பல வருஷமாகக் கரடியாகக் கத்துகிறது. நாம் போலீஸுக்குச் சொல்வதில்லை, ஸ்டேட்டஸில் சொல்கிறோம். பேருந்தில் ஏறியதும் ஒரு செல்ஃபி, ‘குடும்பத்தோடு கொடைக்கானல்’ என்று ஒரு வரி. போன வாரம் கல்யாணத்துக்குப் போட்ட நகையோடு எடுத்த படமும் கீழேயே இருக்கும்.

இதற்குப் பெரிய இடத்து உதாரணம் கிம் கர்டாஷியன். 2016 அக்டோபரில் பாரிஸில் அவர் தங்கியிருந்த இடத்துக்குள் புகுந்து, துப்பாக்கி முனையில் கட்டிப்போட்டுக் கோடிக்கணக்கில் நகையை அள்ளிப் போனார்கள். அவர் எப்போது வருகிறார், என்ன நகை வைத்திருக்கிறார் என்பதெல்லாம் இணையத்திலேயே கிடைத்தது என்று பிடிபட்ட ஒருவரே போலீஸிடம் சொன்னார். 2025 மே மாதம் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்றது பாரிஸ் நீதிமன்றம்.

தீர்வு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. திரும்பி வந்து படத்தைப் போட்டால் லைக் குறைந்துவிடாது.

■ பெட்டி: படத்துக்குள் ஒரு முகவரி

கம்ப்யூட்டர் வைரஸ் தடுப்பு மென்பொருளால் புகழ்பெற்ற ஜான் மெக்காஃபி, 2012-ல் பெலிஸ் நாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் கொலை தொடர்பாக விசாரிக்கத் தேடப்பட்டுத் தலைமறைவாக இருந்தார். கூடவே போன ‘வைஸ்’ பத்திரிகைக்காரர்கள், ‘அவர் எங்களோடுதான் இருக்கிறார்’ என்ற தோரணையில் இணையத்தில் ஒரு படம் போட்டார்கள். ஐபோனில் எடுத்த படம். அந்தக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் எண்கள் அப்படியே இருந்தன. கௌதமாலாவில் இருக்கிறார் என்பது அம்பலமானது. இரண்டே நாளில் கைது.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் இந்த எண்கள் உதிர்ந்துவிடும். ஆனால் தெளிவு குறையக் கூடாது என்று ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் கூடவே போகும். சொந்த வெப்சைட்டில் நேரடியாக ஏற்றும் படத்திலும் பெரும்பாலும் தங்கியிருக்கும். கேமரா செட்டிங்கில் லொக்கேஷனை அணைத்துவிட்டால் தலைவலி இல்லை.

சொல்ல வழியில்லாமல் போனவர்கள்

இவ்வளவையும் படித்துவிட்டு லொக்கேஷனே கூடாது என்று முடிவு கட்டினால், கன்னியாகுமரிக் கடற்கரையில் அடிதான் விழும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே செல்போன் செத்துவிடும். வயர்லெஸ்ஸும் ஓரளவுக்குத்தான் எட்டும். படகு எங்கே இருக்கிறது என்று வீட்டுக்கும் தெரியாது, தேடப் போன கப்பலுக்கும் தெரியாது. சில படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரையேறின. பல குடும்பங்கள் உடலைக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாகச் சேதி தரும் கருவிகள் பற்றிய பேச்சு வலுத்தது. 2024 ஆகஸ்டில், 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் ரூ.364 கோடித் திட்டம் தொடங்கப்பட்டது. ஆபத்து என்றால் கடலிலிருந்தே சேதி அனுப்பலாம்.

இதே மீனவர்தான் இடத்தை மறைப்பதிலும் கில்லாடி. கடலுக்கடியில் மீன் அடையும் பாறைத் திட்டைப் ‘பார்’ என்பார்கள். கரையில் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் கணக்கு வைத்து அந்தப் பாரைக் கண்டுபிடிப்பது பரம்பரை வித்தை. பிள்ளைக்குச் சொல்வார்கள், பக்கத்து வள்ளத்துக்குச் சொல்ல மாட்டார்கள். இப்போது அது ஜி.பி.எஸ். எண்ணாக மாறியிருக்கிறது, ரகசியம் மாறவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் அரசுக்குச் சொல், மீன் கிடைக்கிற இடத்தை எவனுக்கும் சொல்லாதே. தனியுரிமை பற்றி எத்தனையோ கருத்தரங்கில் பேசுகிறார்கள். இதைவிடத் தெளிவான கொள்கையை நான் கேட்டதில்லை.

வாட்ச் கட்டிய கை

சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் நகரங்களில் தூய்மைப் பணியாளர்களுக்கு ஜி.பி.எஸ். வாட்ச் கொடுத்தார்கள். குப்பை கூட்டுபவர் எந்தத் தெருவில் நிற்கிறார் என்று அலுவலகத் திரையில் புள்ளி ஓடும். குறித்த எல்லையைத் தாண்டினால் சம்பளத்தில் கைவைக்கிறார்கள், கழிப்பறைக்குப் போகவே பயமாக இருக்கிறது என்றெல்லாம் புகார்கள் எழுந்தன. ஹரியானாவில் ஆஷா பணியாளர்களின் போனில் கண்காணிப்பு ஆப் ஏற்றச் சொன்னபோது, 2021-ல் அந்தப் பெண்கள் எதிர்த்துப் போராடினார்கள். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் தினம் இரண்டு வேளை இடக்குறியோடு போட்டோ கட்டாயம் ஆனது. சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் அதுவே ஒரு தனி வேலை.

ஒன்றைக் கவனியுங்கள். குப்பை கூட்டும் பெண்ணின் புள்ளியை மேலதிகாரி பார்க்கலாம். மேலதிகாரியின் புள்ளியை அந்தப் பெண் பார்க்க முடியாது.

ஜாமீன் கைதிக்கு இல்லாத கட்டாயம்

போதைப்பொருள் வழக்கில் கைதான ஃபிராங்க் வைட்டஸ் என்ற நைஜீரியருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டது. விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி கூகுள் மேப்பில் ‘பின்’ போட வேண்டும். வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. இந்தப் ‘பின்’ எப்படி வேலை செய்கிறது என்று கூகுளிடமே கேட்டார்கள். அது வைத்தவர் விரும்பி வைக்கிற குறி, ஆளைப் பின்தொடரும் கருவி இல்லை என்று பதில் வந்தது. அதாவது அதிகாரிகள் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தது ஓர் அடையாளக் குறியை!

2024 ஜூலை 8 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அந்த நிபந்தனையை நீக்கியது. பயனில்லாத நிபந்தனை என்பதோடு நிறுத்தவில்லை. ஜாமீனில் இருப்பவரின் ஒவ்வொரு நகர்வையும் போலீஸ் ஓயாமல் கண்காணிக்க வகை செய்யும் நிபந்தனை எதுவானாலும், அது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் அந்தரங்க உரிமையை மீறும் என்றது.

போதைப்பொருள் வழக்கில் சிக்கியவருக்குக் கிடைத்த இந்த உரிமை, வேலைக்குப் போய்த் திரும்பும் எத்தனை மனைவிமாருக்கு, கல்லூரி போகும் எத்தனை மகள்களுக்கு இருக்கிறது? ‘பாதுகாப்புக்குத்தானே’ என்பார்கள். ராத்திரி ஆட்டோவில் வரும்போது வாட்ஸ்அப்பில் பதினைந்து நிமிஷமோ ஒரு மணி நேரமோ லைவ் லொக்கேஷன் போடுவது பாதுகாப்பு. வண்டி வீட்டு வாசலில் நின்றதும் அதன் வேலை முடிந்தது. கூகுள் மேப்ஸில் ‘நிறுத்தும் வரை’ என்று போட்டு வாங்கிக்கொண்டு, வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதற்கு வேறு பெயர். எளிய சோதனை ஒன்று: மனைவியின் புள்ளியைப் பார்க்கும் கணவர், தன் புள்ளியை மனைவிக்குக் காட்டுகிறாரா?

இதில் கருவியின் தப்பும் பெண்ணின் தலையில் விழும். மெட்ரோ ரயில் சுரங்கத்துக்குள் போகும்போது புள்ளி அண்ணா சாலையிலேயே உறைந்து நிற்கும். ‘அங்கே இறங்கி இருபது நிமிஷம் என்ன பண்ணினாய்?’ என்ற கேள்வி வீட்டில் காத்திருக்கும். பேட்டரி தீர்ந்தால் அதற்கொரு விசாரணை.

சட்டம் உதவுமா? ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையோ மின்னணுத் தொடர்பையோ ஓர் ஆண் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றமாகச் சொல்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு. இதற்கென்றே வந்தது போலத் தெரியும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலோ இரண்டு ஓட்டை. 2025 நவம்பரில் அதற்கு விதிகளும் வந்துவிட்டன. ஓட்டைகள் சட்டத்திலேயே இருக்கின்றன. முதலாவது, நீங்களாகவே பொதுவில் வெளியிட்ட விவரத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வலைப்பதிவு எழுதும் பெண்ணைத்தான் சட்டமே உதாரணம் காட்டுகிறது. இரண்டாவது, ஒருவர் சொந்த, குடும்பக் காரியத்துக்காகத் தரவைக் கையாண்டால் அதற்கும் பொருந்தாது. கம்பெனிக்காரன் உங்கள் புள்ளியைப் பார்த்தால் இந்தச் சட்டம் கேட்கும். பக்கத்து அறையில் இருப்பவர் பார்த்தால் கேட்காது.

யாருக்கெல்லாம் உங்கள் புள்ளி போகிறது என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டால் ‘லொக்கேஷன் ஷேரிங்’. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, ‘லைவ் லொக்கேஷன்’. ஐபோனில் ‘ஃபைண்ட் மை’. பட்டியலில் மறந்துபோன பழைய பெயர்கள் இருந்தால் தயங்காமல் நீக்கிவிடலாம். கூடவே வசிக்கும் ஒருவரின் கோபத்துக்குப் பயந்து போட்டுவைத்திருக்கும் பெண்கள் மட்டும் அவசரப்பட வேண்டாம். புள்ளி நின்றது எதிர்முனையில் தெரிந்துவிடும். முதலில் தோழியின் போனிலிருந்து 181 பெண்கள் உதவி எண்ணில் பேசிவிட்டு, எங்கே இருந்துகொண்டு அணைப்பது என்பதையும் முடிவு செய்துவிட்டு அணைக்கட்டும்.